மூன்றாவது பட்டியல்

மைக்கில் ஒரு பிழையும் இருக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்று பூசை முடிந்ததும், மைக் இடையில் நின்றுபோனதால் ஒரு வரி கேட்கவில்லை என்று பாதருக்கும் பாட்டுக்குழுத் தலைவருக்கும் நான் பொய் சொன்னேன்.

வைகாசி மாதத்து ஞாயிறு. கோயில் நிறைந்திருந்தது. பீடத்துக்கு இடப்பக்கம் வாசக மேடையில், அந்த வாரத்துப் பூசைக் கருத்துகளை, யார் யாருக்காகச் செபிக்க வேண்டும் என்ற பட்டியலை, கையில் வைத்துக்கொண்டு நின்றேன். 'ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்று தொடங்கி இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தேன். ஆறாவதாகவோ ஏழாவதாகவோ ஒரு மனிதரின் பெயரை வாசித்தேன்.

மூன்றாவது வாங்கு வரிசையில் உட்கார்ந்திருந்த றோஸ்மலர் எழுந்து நின்றார். நான் வாசித்தது அவருடைய கணவரின் பெயரை.

அவர் சத்தம் போடவில்லை, அழவில்லை. எல்லோரும் இருக்கிறார்கள், ஒரு பெண் மட்டும் நிற்கிறார். அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த மகள் தாயின் கையைப் பிடித்து இழுத்தாள். நான் கண்டேன். கண்டும் வாசித்துக்கொண்டே போனேன், அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர். பாட்டுக்குழு வருகைப் பாடலைத் தொடங்கியதும் கோயில் முழுவதும் எழுந்தது. அதற்குப் பிறகு அவர் நிற்பது தனியாகத் தெரியவில்லை.

நான் ஒரு பெருமூச்சு விட்டேன். அது மைக்கில் போனது என்று என் மனைவி மெற்றில்டா பிறகு சொன்னா.

குரல் உள்ளவன்

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து வாசிப்பவர்களுக்கு என் குரலைப் பற்றிய புளுகு கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும். புதிதாக வந்தவர்களுக்காக இன்னொரு தடவை. கிழமை நாள்களில் நான் பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தில், லாசால் பக்கம், அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவன். காதை அடைத்துக்கொண்டு எட்டு மணித்தியாலம் வாய் திறக்காமல் நிற்பேன். ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு வாய். எங்கள் தமிழ்ப் பங்கின் பேரவைச் செயலாளரும் நான்தான், வாசகம் வாசிப்பவனும் நான்தான். 'உங்கடை குரலிலை கேட்டால் செத்தவையும் எழும்புவினம்' என்று ஒரு அக்கா சொன்னதை வீட்டில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

எங்கள் ஆட்களுக்குப் பூசை என்றால் முதலில் பெயர்கள்தான். பிரசங்கத்தில் நித்திரை கொள்வார்கள். பெயர் வாசிக்கும்போது ஒருவரும் கண் மூடமாட்டார்கள். பின்வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். கருத்தைத் துண்டில் எழுதிப் போடுவார்கள். சனிக்கிழமை நான் துண்டுகளை எடுத்து இரண்டு பட்டியல் எழுதுவேன். உயிரோடு இருப்பவர்கள் ஒன்று: பிறந்தநாள், சோதனை, சத்திரசிகிச்சை, விசா. இறந்தவர்கள் மற்றது. யாருடையதையாவது தவறவிட்டால் அன்று கார் நிறுத்துமிடத்தில் எனக்குத் திருவிழாதான்.

துண்டில் உள்ளதை அப்படியே வாசிக்கிற ஆளில்லை நான். எழுத்துப்பிழை திருத்துவேன். நீண்டிருந்தால் குறுக்குவேன். ஒருவர் இறந்துபோன தன் தகப்பனுக்கு ஏழு பட்டம் போட்டு எழுதியிருந்தார், ஆறை வெட்டினேன். பாதரும் சிரித்துக்கொண்டு சரி என்றார். வெட்டுகிற பழக்கம் அப்படித்தான் கையில் ஏறியது. அது ஒரு திறமை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மதாம் ஜிஸேலின் பலகைகள்

பார்க் எக்ஸ்டென்ஷனில் உள்ள அந்தப் பழைய கோயிலை நாங்களும் பிரெஞ்சுக்காரரும் பங்குபோட்டுப் பாவிக்கிறோம். ஒன்பது மணிக்கு அவர்கள், பதினொன்றுக்கு நாங்கள். அவர்கள் பதினைந்து பேர் வருவார்கள். அந்தப் பதினைந்து பேரையும் இழுத்து நடத்துகிறவர் மதாம் ஜிஸேல் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை.

உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு அந்த அம்மா கீழ் மண்டபத்தில் ஒரு கண்காட்சி வைத்தார். நாஜி ஆட்சியைத் தங்கள் தங்கள் ஊரில் நின்று எதிர்த்த கத்தோலிக்கக் குருக்களைப் பற்றியது. "கர்தினால்மாரைப் பற்றிப் புத்தகம் இருக்கிறது. எனக்கு வேண்டியது முந்நூறு குடும்பம் இருந்த ஊரின் சுவாமி" என்று பிரெஞ்சில் சொன்னார். கோயிலைப் பாவிக்கிற எல்லோருக்கும் விளங்க வேண்டும் என்று பலகைகளைத் தமிழிலும் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார். சந்தோசத்தில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. மூன்று கிழமை லீவு நாளெல்லாம் அகராதியோடு இருந்தேன்.

பலகைகள் பலவிதம். பொய் ஞானஸ்நானப் பத்திரம் எழுதி யூதக் குடும்பங்களைக் காப்பாற்றிய ஒருவர். ஆட்சியின் கொடியைக் கோயிலுக்குள் ஏற்ற மறுத்து, தானே வாசலில் குறுக்கே படுத்த ஒருவர். ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது ஜேர்மனியில் ஒரு மலையடிவார ஊரின் பங்குச் சுவாமி. அவருடைய பெயரைத் தமிழில் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் சரியாகத் தெரியவில்லை. 'அந்தப் பங்குச் சுவாமி' என்றே பலகை முழுவதும் எழுதி முடித்தேன்.

அந்த ஊரில் மனவளர்ச்சி குறைந்தவர்களுக்கென்று சிஸ்டர்மார் நடத்திய ஒரு விடுதி இருந்தது. ஒருநாள் கண்ணாடிகளுக்குச் சாயம் பூசிய பஸ் ஒன்று வந்து இருபது பேரை ஏற்றிக்கொண்டு போனது. கொஞ்ச நாளில் வீடுகளுக்குக் கடிதம் வந்தது: நிமோனியாவில் இறந்தார், தொற்று நோய் என்பதால் உடலை எரித்துவிட்டோம். எல்லா வீட்டுக்கும் அதே கடிதம், பெயர் மட்டும் வேறு.

அங்கேயும் எங்களைப் போலத்தான். ஞாயிறு பூசையில் அந்த வாரம் இறந்தவர்களின் பெயரைச் சுவாமி வாசிக்க வேண்டும். கடிதத்தில் உள்ளபடி இவர்களையும் இறந்தவர்களோடு சேர்த்து வாசிக்கும்படி அதிகாரிகள் சொல்லி அனுப்பினார்கள். சுவாமி மறுத்தார். எப்படி இறந்தார்கள் என்று எனக்குத் தெரியாது, பஸ்ஸில் ஏற்றியதுதான் தெரியும், தெரிந்ததைத்தான் வாசிப்பேன் என்றார். உயிரோடு உள்ளவர்களுக்கு ஒன்று, இறந்தவர்களுக்கு ஒன்று, அதற்குப் பிறகு மூன்றாவதாக ஒரு பட்டியல் வைத்தார். 'எங்களிடமிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள்' என்று தொடங்கி ஞாயிறு தவறாமல் வாசித்தார். பஸ் திரும்பத் திரும்ப வந்தது, பட்டியலும் நீண்டது.

கடைசியில் அவரையும் கொண்டுபோனார்கள். முகாமிலேயே இறந்தார்.

பிரெஞ்சுப் பலகையில் அதற்குப் பிறகு இரண்டு வரி இருந்தது. சுவாமியைப் பற்றி முதலில் முறைப்பாடு எழுதியவர் அதே பங்கின் செயலாளர். அவரைக் கொண்டுபோன அடுத்த ஞாயிறு அந்தப் பெயர்களை ஒருவரும் வாசிக்கவில்லை.

அந்த இரண்டு வரியையும் நான் தமிழில் எழுதவில்லை. கதை உச்சத்தில் நிற்கும்போது இது என்ன அபசகுனம் என்று பட்டது. மதாம் ஜிஸேலுக்குத் தமிழ் தெரியாது. இன்றுவரை அவருக்கு இந்த விஷயம் தெரியாது.

சைக்கிளில் வந்த சுவாமி

கண்காட்சித் தொடக்க நாளில் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் எங்கள் ஊர்ச் சுவாமி ஒருவரின் கதையைச் சொன்னேன். அதையும் எழுதாமல் இந்த அத்தியாயத்தை எழுத முடியாது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மன்னார்ப் பக்கம் எங்கள் ஊரைச் சுற்றிவளைத்துப் பன்னிரண்டு பொடியளை ஆமி லொறியில் ஏற்றியது. நானும் ஒருவன். எங்கள் பங்குச் சுவாமி வெள்ளை அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளில் லொறியைத் துரத்தி வந்தார். நல்ல கட்டையான, தொந்தி வைத்த மனிதர். சந்தியில் லொறி மெதுவாகியதும் கத்தினார்.

"பேரைச் சொல்லுங்கோடா! முழுப்பேர்! தேப்பன்ரை பேரும்!"

நாங்கள் கத்தினோம். அவர் கொப்பியை சைக்கிள் சீற்றில் வைத்து எழுதினார். ஒருவன் பயத்தில் தகப்பன் பெயரை மறந்துபோனான். "டேய் விசரா, உன்ரை கொப்பரை எனக்குத் தெரியும், நீ உன்ரை பேரைச் சொல்லு!" என்று சுவாமி ஏசினார்.

அடுத்த நாள் விடியத் தொடங்கி, முகாம் வாசலில் வந்து நின்று பன்னிரண்டு பெயரையும் உரத்து வாசித்தார். துரத்தினார்கள். மறுநாளும் வந்தார். உள்ளே இருந்த எங்களுக்குச் சில நாள் கேட்கும், காற்று மாறினால் கேட்காது. ஒன்பதாம் நாள் எங்களை வெளியே விட்டபோது ஒரு அதிகாரி உடைந்த தமிழில் சொன்னான்: "அந்தச் சாமி வாசிச்சு வாசிச்சு உங்கட பேர் எல்லாம் எங்களுக்கும் பாடம்." பன்னிரண்டு பேரும் நடந்து வீட்டுக்குப் போனோம்.

இதை மண்டபத்தில் சொல்லும்போது இரண்டு இடத்தில் நிறுத்தினேன். நடிக்கவில்லை, உண்மையாகவே நிறுத்தவேண்டி வந்தது. பலர் கண்ணைத் துடைத்தார்கள். கைதட்டலும் நல்லாகவே கிடைத்தது. அன்று றோஸ்மலரும் வந்திருந்தார். பேச்சு முடிந்து எல்லோரும் வடை எடுக்கப் போனபிறகும் அவர் தமிழ்ப் பலகைக்கு முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். என் தமிழை ஒருவர் இவ்வளவு ஆறுதலாக வாசிக்கிறாரே என்று எனக்குப் புளுகம், பெருமை.

துண்டு

பத்து நாள் கழித்துப் பெட்டியில் அவருடைய துண்டு இருந்தது.

றோஸ்மலர் ஐந்தாறு வருடமாக எங்கள் பங்கில் இருக்கிறார். கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமையல் வேலை. வருவார், மெழுகுதிரி கொளுத்துவார், போவார். ஒருபோதும் கருத்து எழுதிப் போட்டதில்லை. அந்தத் துண்டில் கணவரின் பெயரை எழுதி, கீழே இப்படி எழுதியிருந்தார்: 'யுத்தத்தின் கடைசி நாள்களில் என் கையால் ஆமியிடம் கையளித்த என் கணவர் உயிருடன் திரும்பி வர.'

நான் பாதரிடம் காட்டினேன். அவர் இளம் ஆள். இரண்டு தரம் வாசித்தார். "எழுதினபடியே வாசியுங்கோ அண்ணை" என்றார். ஆகவே பாதர்மேல் பழி போட எனக்கு வழியில்லை.

எனக்கோ அடுத்த மாதம் ஊருக்கு டிக்கெட். வருடக்கணக்காக ஆமி முகாமுக்குள் கிடந்த எங்கள் காணியை விட்டுவிட்டார்கள், நேரில் வந்து கையெழுத்து வைத்தால்தான் கிடைக்கும் என்று தங்கை எழுதியிருந்தாள். எங்கள் பூசை இப்போது நேரலையில் போகிறது. கமெரா நேரே என் முகத்துக்குத்தான். 'கையளித்த' என்ற சொல்லை, வாங்கியவரை ஆமி திருப்பித் தரவில்லை என்று குற்றம் சாட்டுகிற சொல்லை, இந்தப் பிரசித்தமான குரலில் வாசித்துவிட்டு, அடுத்த மாதம் விமான நிலையத்தில் பாஸ்போட்டை நீட்டுகிறேன். எவனோ ஒருவன் திரையைப் பார்க்கிறான். இது நீதானே என்கிறான். சனிக்கிழமை மத்தியானம் குசினி மேசையில் இருந்து இதையெல்லாம் யோசித்து யோசித்து வியர்த்தேன்.

அப்படியே விட்டுவிடலாம் என்று முதலில் நினைத்தேன். விட்டால் அவர் கேட்பார். பெயரை மட்டும் உயிருள்ளவர்கள் பட்டியலில் வாசித்தால், இவர் எங்கே இருக்கிறார் என்று சனம் கேட்கும். இறந்தவர்களைப் பற்றித்தான் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. ஆகவே கீழே இருந்த வரியை வெட்டினேன். பெயரை இறந்தவர்கள் பட்டியலில் சேர்த்தேன். பூசையில் அரசியல் வரக்கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொன்னேன். பேனையை மூடிவிட்டுச் சாப்பிட்டேன், நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

மறுநாள் நடந்ததைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். பூசை முடிந்து காரில் வரும்போது, வீதி திருத்த வைத்திருந்த செம்மஞ்சள் கூம்புகளுக்கு நடுவில் நாங்கள் மாட்டுப்பட்டு நின்றோம். மெற்றில்டா நேரே பார்த்துக்கொண்டு கேட்டா.

"இஞ்சேருங்கோ, அந்தப் பிள்ளை எழும்பி நிண்டதை நீங்கள் காணேல்லையோ?"

"கண்டனான்."

"பேந்து ஏன் வாசிச்சுக்கொண்டு போனனீங்கள்?"

நான் காணியைப் பற்றிச் சொன்னேன். கமெராவைப் பற்றிச் சொன்னேன். மெற்றில்டா எல்லாவற்றையும் கேட்டா.

"அந்தக் காணியிலை நாங்கள் இனிப் போய் இருக்கப்போறமே?" என்று கேட்டுவிட்டு வானொலியைப் போட்டா.

இரண்டாம் மாடி

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து அக்காடி மெட்ரோவுக்குப் பக்கத்தில் இருந்த றோஸ்மலரின் வீட்டுக்குப் போனேன். கீழே டெப்பனர் என்கிற மூலைக்கடையில் ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கினேன். வாங்கிய பிறகு, மன்னிப்புக் கேட்கப் போகிறவன் பிஸ்கட்டோடு போவதா என்று வெட்கமாக இருந்தது. காரிலேயே வைத்துவிட்டு இரண்டு மாடி ஏறினேன்.

"வாங்கோ அண்ணை, இருங்கோ. தேத்தண்ணி போடட்டே?"

"வேண்டாம் தங்கச்சி, இப்பதான் குடிச்சிட்டு வாறன்." அதுவும் பொய். "ஞாயிற்றுக்கிழமை ஒரு பிழை நடந்துபோச்சு. பட்டியல் மாறிப்போச்சு தங்கச்சி."

"மாறேல்லை அண்ணை. நீங்கள் மாத்தினனீங்கள்."

கோபமாகச் சொல்லவில்லை. சட்டியில் ஏதோ கிண்டிக்கொண்டு முதுகைக் காட்டியபடி சொன்னார். பிறகு அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து எனக்கு முன்னால் இருந்தார்.

"அங்கை ஊரிலை அரசாங்கக் கந்தோரிலை எத்தினை தரம் கேட்டவை தெரியுமே? செத்தவர் எண்டு பத்திரம் தாறம், கையெழுத்து வையுங்கோ எண்டு. நான் வைக்கேல்லை. மாமி சாகக் கிடக்கேக்கை என்ரை கையைப் பிடிச்சுக் கேட்டவா, என்ரை பிள்ளைக்கு ஒரு ஆன்ம இளைப்பாற்றிப் பூசையெண்டாலும் ஒப்புக்குடு எண்டு. அவவுக்கும் நான் ஓம் சொல்லேல்லை. நீங்கள் ஒரு நிமிசத்திலை செய்துபோட்டியள்."

நான் எழும்பப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"உங்கடை பலகையை வாசிச்சுப்போட்டுத்தான் எழுதினனான். இல்லாட்டி இவ்வளவு வருசமும் நான் ஒருத்தரிட்டையும் வாய் திறந்தனானே? மூண்டாவதா ஒரு பட்டியல் இருக்கு எண்டு நீங்கள்தானே எழுதி ஒட்டினனீங்கள்."

"நான் பயந்துபோனன் தங்கச்சி" என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"பயம் எனக்கு விளங்கும் அண்ணை. எனக்குப் பயமில்லை எண்டே நினைக்கிறியள்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். மகள் உள் அறையில் இருந்தாள். "இவளுக்குத் தமிழ் வாசிக்க வராது, கேட்டால் விளங்கும். அவரைக் கையளிக்கேக்கை இவள் என்ரை கையிலை, மூண்டு மாசம். ஞாயிற்றுக்கிழமை வீட்டை வந்து பிரெஞ்சிலை கேக்கிறாள், அப்பா செத்துப்போனதை எனக்கு ஏன் ஒளிச்சனீங்கள் எண்டு. இல்லையம்மா, அது அந்த அங்கிள் பிழையா வாசிச்சவர் எண்டு சொன்னால் நம்புறாள் இல்லை. கோயிலிலை மைக்கிலை சொன்னவை எண்டுறாள்."

அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அந்தப் பிள்ளையின் கால் மட்டும் கட்டில் நுனியில் தெரிந்தது. எழுந்து போய் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆறடி தூரம்தான். நான் போகவில்லை.

"சரியா வாசிக்கிறன் தங்கச்சி. நீங்கள் எழுதினபடியே வாசிக்கிறன்."

"வாற ஞாயிறு?"

இந்த இடத்தை எழுதத்தான் இரண்டு கிழமை இழுத்தடித்தேன். பத்திரிகை ஆசிரியர் இரண்டு தரம் போன் எடுத்தும் சாட்டுச் சொன்னேன். அந்தக் கேள்விக்கு நான் 'ஓம்' என்று சொல்லவில்லை.

"வாற மாசம் ஊருக்குப் போறன் தங்கச்சி. காணி விசயம். போட்டு வந்த உடனை, முதல் ஞாயிறே வாசிக்கிறன்."

றோஸ்மலர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"ஓம் அண்ணை. போட்டு வாங்கோ" என்றார்.

நான் படியில் இறங்கத் தொடங்கியபோது கதவடியில் நின்று மீண்டும் சொன்னார். "நீங்களெண்டாலும் திரும்பி வாங்கோ."

பதினொரு பேர்

போனேன். விமான நிலையத்தில் ஒரு பெண் பாஸ்போட்டைப் பார்த்து முத்திரை குத்தி, சிரித்துக்கொண்டு திருப்பித் தந்தாள். ஒருவரும் எந்தத் திரையையும் பார்க்கவில்லை. கந்தோரில் கையெழுத்து வாங்கினார்கள், காணி கிடைத்தது. தங்கை புட்டும் மீனும் சமைத்தாள். திரும்பி வரும்போதும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஊரில் இருந்தபோது ஒருநாள் அந்தப் பூசையின் நேரலையைப் போனில் எடுத்துப் பார்த்தேன். பதினொரு பேர் பார்த்திருந்தார்கள். அதில் ஒருவன் நான். மற்றவர்கள் பாட்டுக்குழுக்காரரின் சொந்தக்காரர்களாக இருக்கும். அந்தப் பத்துப் பேருக்குப் பயந்துதான் ஒரு பிள்ளைக்கு அவளுடைய தகப்பன் செத்துவிட்டான் என்று அறிவித்திருந்தேன்.

திரும்பி வந்த முதல் ஞாயிறு, துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரத்துக்கே கோயிலுக்குப் போனேன். மூன்றாவது வாங்கு வெறுமையாக இருந்தது. யூலை முதலாம் தேதி வீட்டு ஒப்பந்தங்கள் முடிந்து இந்த நகரமே வீடு மாறுமே, அன்று அவர்களும் செயின்ட்-மிஷேலுக்கு மாறிப்போனார்கள் என்று ஒருவர் சொன்னார். "அங்கை பிரெஞ்சுக் கோயிலுக்குத்தான் போகினமாம்" என்றார் இன்னொருவர். அவர் இல்லாமல் வாசித்து என்ன பிரயோசனம் என்று துண்டை வெளியே எடுக்கவில்லை. மனிதனுக்கு நியாயம் கிடைக்கிற வேகத்தைப் பாருங்கள்.

செயின்ட்-மிஷேல்

அடுத்த கிழமை மெற்றில்டாவுக்கும் சொல்லாமல் செயின்ட்-மிஷேல் கோயிலுக்குப் போனேன். பின்வரிசையில் தூணோடு ஒட்டி இருந்தேன். சனம் பெரும்பாலும் ஹெயிட்டிக்காரர். றோஸ்மலரும் மகளும் முன்னால் இருந்தார்கள்.

சுவாமியும் ஹெயிட்டிக்காரர்தான், நரைத்த தாடி, கனத்த குரல். நோயாளிகளின் பெயர்களை வாசித்தார். இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். கடைசியாக ஒரு சின்னக் கடதாசியை எடுத்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். றோஸ்மலரின் கணவரின் பெயரைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வோர் எழுத்திலும் தடக்கி விழுந்து எழும்பி வாசித்தார். யுத்தத்தின் முடிவில் மனைவியின் கையால் கையளிக்கப்பட்டவர், அவர் உயிருடன் திரும்பி வருவதற்காக என்று பிரெஞ்சில் முழுவதையும் வாசித்தார். ஒரு சொல்லை விடவில்லை.

சனம் 'ஆண்டவரே எங்களைக் கேட்டருளும்' என்று பிரெஞ்சில் பதில் சொன்னது. அந்தப் பெண்பிள்ளையும் சொன்னாள், தலையை நிமிர்த்தி, எல்லோரையும்விடச் சத்தமாக. எனக்குக் குரல் வரவில்லை. பூசை முடிய முன்னமே எழுந்து வந்துவிட்டேன்.

இந்த அத்தியாயத்தை ஆசிரியருக்கு அனுப்ப முன் முதலிலிருந்து வாசித்துப் பார்த்தேன். என் மனைவியின் பெயர் இருக்கிறது, மதாம் ஜிஸேலின் பெயர் இருக்கிறது. அந்த மனிதரை மட்டும் 'கணவர்', 'றோஸ்மலரின் கணவர்' என்றே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகவே விட்டுவிட்டு வந்திருக்கிறது. இந்தப் பத்திரிகை ஊரிலும் வாசிக்கப்படுகிறது என்பது கைக்குத் தெரிந்திருக்கிறது.

நேற்று றோஸ்மலருக்குப் போன் எடுத்து, எழுதட்டுமா என்று கேட்டேன். "முழுப்பேரும் போடுங்கோ. தேப்பன்ரை பேரும்" என்றார். மகளுக்கும் வாசித்துக் காட்டப்போவதாகச் சொன்னார். காணி கைக்கு வந்துவிட்டது. இனி அதை எழுதுவதால் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. அதையும் அந்தப் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டும்.

கொண்டுபோகப்பட்டவர்களுக்காக: செபமாலை அருள்நேசன். யுத்தத்தின் கடைசி நாள்களில் மனைவி றோஸ்மலர் தன் கையால் ஆமியிடம் கையளித்தவர். அவர் உயிருடன் திரும்பி வர.